குடும்ப ஜெபம், அடுப்படி, அக்கம்பக்கம்: இளம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் இருக்கும் பெண்கள், முதல் பிள்ளையைத் தோளில் போட்டிருக்கும் தாய்மார்கள், சில நேரம் அவர்களுடைய கணவன்மார்களும், ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வேப்பமரத்தடியில் நிறுத்திக் கேட்ட கேள்விகள் இவை. இறையியல் படித்தவள் இல்லை நான். 34 வருடமாக ஒரு வீட்டை நடத்தியதில் எனக்குத் தெரிய வந்ததைச் சொல்கிறேன்.

குடும்ப ஜெபம் என்கிறீர்களே, அதில் என்னதான் செய்ய வேண்டும்? நான் வளர்ந்த வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

எங்கள் ஆச்சி வீட்டில் பார்த்ததைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். நாசரேத் பக்கம் ஒரு கிராமம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆச்சி கோரைப்பாயை எடுத்து வந்து முன்னறையில் உதறி விரிப்பார்கள். அந்த உதறல் சத்தம் தெரு வரைக்கும் கேட்கும். கேட்டதும் விளையாட்டைப் போட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டு ஓடி வருவோம்.

முதலில் ஒரு பாட்டு. தாத்தா பாமாலை (மேல்நாட்டு மெட்டுப் பாட்டு) எடுப்பார், ஆச்சிக்குக் கீர்த்தனை (நம் ராகத்துப் பாட்டு)தான் பிடிக்கும், இருவரும் நாள் மாற்றி எடுப்பார்கள். அப்புறம் வேதவாசிப்பு. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையின் முறை வந்தால் ஆச்சி இரண்டிரண்டு வார்த்தையாகச் சொல்லிக் கொடுப்பார்கள், பிள்ளை திருப்பிச் சொல்லும். அந்த வசனத்துக்குப் பக்கத்து வசனத்தை விட அதிக நேரம் ஆகும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். பிறகு ஒருவர் ஜெபம், எல்லாரும் சேர்ந்து இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம், கடைசியில் 'கிருபை' என்று தொடங்கும் ஆசீர்வாத வார்த்தைகள்.

அதோடு முடியாது. பிள்ளைகள் எழுந்து கைகூப்பி, வயதில் மூத்தவரிலிருந்து வரிசையாக, "ஸ்தோத்திரம் தாத்தா", "ஸ்தோத்திரம் ஆச்சி", "ஸ்தோத்திரம் சித்தி" என்று எல்லாருக்கும் சொல்ல வேண்டும். அவர்கள் தலையில் கை வைத்து "ஸ்தோத்திரம்" என்பார்கள். அன்று யாரோடு சண்டை போட்டோமோ அவர்களுக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருநாள் என் பம்பரத்தை உடைத்த சித்தி மகனுக்கு அதைச் சொல்ல மனதில்லாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. குழம்புச் சட்டியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். நான் சொன்ன பிறகுதான் சாப்பாடு.

பாட்டு, வாசிப்பு, ஜெபம், ஸ்தோத்திரம். இந்த நான்கும் இருந்தால் குடும்ப ஜெபம்தான். பாட வராத வீடு என்றால் பாட்டை விட்டுவிடுங்கள். ஸ்தோத்திரத்தை மட்டும் விடாதீர்கள்.

எவ்வளவு நேரம்?

15 நிமிடம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் 10 போதும். 119ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள் இருக்கின்றன. ஒரே மூச்சில் வாசித்தால் பிள்ளைகள் பாயிலேயே தூங்கிவிடுவார்கள். ஆனால் அது எட்டெட்டு வசனமாக 22 பகுதிகளாகப் பிரிந்தே இருக்கிறது. நாளுக்கு ஒரு பகுதி என்றால் 22 நாளில் முடிந்துவிடும்.

வீட்டில் பெரியவர் ஜெபம் பண்ணும்போதே எங்களைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை ஒரு மருமகள் கண் கலங்கக் கேட்டாள். "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலருக்கு நேரத்துக்கு எழுந்திருக்கும் புத்தியைத் தாரும்" என்று தினமும் ஜெபம். அந்தச் 'சிலர்' யார் என்று பாயில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பவளுக்குப் பதில் சொல்லவும் வழியில்லை.

பெரியவர்களுக்கு நான் வேண்டிக் கேட்டுக்கொள்வது இது: பிள்ளையிடமோ மருமகளிடமோ குறை இருந்தால் நேரில், தனியாக, பகலில் சொல்லுங்கள். ஜெபத்தில் அவர்கள் பெயர் வரட்டும், நன்றியாக வரட்டும். "இன்று அவள் வைத்த மீன்குழம்புக்காக ஸ்தோத்திரம்" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். ஜெபத்தில் குத்திக்காட்டப்பட்டே வளர்ந்த பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போனதும் வேதத்தைத் தொடாமல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேவன்மேல் அவர்களுக்கு வருத்தமில்லை, அந்தப் பாய்மேல்தான் வருத்தம்.

மருமகள்களுக்கு: கணவரிடம் சொல்லுங்கள். அவருடைய அப்பாவிடமோ அம்மாவிடமோ பேச வேண்டியது அவர்தான்.

கணவர் வளைகுடாவில் இருக்கிறார். எங்களுக்கு எப்படிக் குடும்ப ஜெபம்?

துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு 9 என்றால் துபாயில் ஏழரை. பல குடும்பங்கள் வீடியோ காலில் அழைத்து, போனைச் சுவரில் சாய்த்து வைத்து அவரையும் பாயில் உட்கார வைத்துவிடுகிறார்கள். அவருக்கும் ஒரு வசனம் வாசிக்கக் கொடுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள். லைன் கிடைக்காத நாளில் அவர் ஒரு வசனத்தை வாசித்துக் குரல்பதிவாக அனுப்பலாம், அவருடைய முறை வரும்போது அதைப் போடுங்கள். தகப்பன் குரல் தினமும் ஒருதரம் அந்த அறையில் கேட்க வேண்டும்.

பத்தாவது படிக்கிற பையன் ஜெபத்துக்கு வர மாட்டேன் என்கிறான். அடித்து உட்கார வைக்கலாமா?

வேண்டாம்.

உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் மோசே சொல்வதை நாம் பாதியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதி என்பதோடு அவர் நிறுத்தவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது பேசு என்கிறார். பாயில் உட்காருவது அந்த நான்கில் ஒன்று. பைக்கில் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும் நேரம் இன்னொன்று.

எங்கள் இரண்டாவது மகன் அந்த வயதில் ஆறு மாதம் வரவில்லை. அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். நாங்கள் ஒன்று மட்டும் செய்தோம்: அவனுடைய இடத்தை விட்டு உட்கார்ந்தோம். வாசிப்புச் சுற்றி வரும்போது அவன் இடத்துக்கு நேரே வரும் வசனத்தை என் கணவர் வாசித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார். ஜெபம் முடிந்ததும் தங்கச்சி கதவுக்கு வெளியே நின்று "ஸ்தோத்திரம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வருவாள். பதில் வராது. ஒரு மழைநாளில் கரண்ட் போய் வீடே இருட்டாக இருந்தபோது வெளியே வந்து, ஒன்றும் சொல்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்தான். நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் ஆறு மாதத்தில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். அவன் கேட்கிற கேள்விகளைக் கேட்க விடுங்கள். "தேவன் இருந்தால் ஏன் தாத்தாவுக்குப் புற்றுநோய்" என்று கேட்கிற பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போய்விடவில்லை. சங்கீதங்களில் பலவற்றில் இப்படிப்பட்ட கேள்விகள் இருக்கின்றன.

என் மாமியார் எப்போதும் ரூத்தைப் பார், ரூத்தைப் பார் என்கிறார்.

ரூத்தை நன்றாகப் பார்க்கலாம். கணவன் இறந்த பிறகும் மாமியார் நகோமியை விட்டுப் போகாத மருமகள் அவள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்ற வார்த்தைகளைக் கல்யாண வீடுகளில் மணமக்களுக்குச் சொல்கிறார்கள். ரூத் அதைச் சொன்னது மாமியாருக்கு. ஆனால் அதற்கு முன்னால் நகோமி என்ன சொன்னார் என்பதையும் வாசிக்க வேண்டும். இரண்டு மருமகள்களையும் நிறுத்தி, உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போங்கள், எனக்கும் இறந்துபோன என் பிள்ளைகளுக்கும் நீங்கள் தயைசெய்தீர்கள், கர்த்தர் உங்களுக்குத் தயைசெய்வாராக என்று ஆசீர்வதித்து முத்தமிட்டு அனுப்பினார். கட்டிப்போடவில்லை. போகச் சொன்ன மாமியாரை விட்டுத்தான் ரூத் போக மாட்டேன் என்றாள்.

நானும் இப்போது மாமியார்தான். மருமகள் தாய்வீட்டுக்குப் போகும்போது "எப்போ வருவே" என்று முதலில் கேட்காமல், "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லும்மா, நாலு நாள் கூட இருந்துட்டு வா" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். பழகத்தான் வேண்டியிருந்தது.

மார்த்தாளைப் போல அடுப்படியிலேயே என் நாள் போகிறது. மரியாளைப் போல ஆண்டவர் பாதத்தில் உட்கார நேரமில்லையே என்று குற்ற உணர்வாக இருக்கிறது.

இந்தக் கேள்வியில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். மார்த்தாளுக்கு நம் பிரசங்கங்களில் நியாயம் கிடைப்பதில்லை.

லூக்கா 10இல் தங்கள் வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தில் சகோதரி மரியாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தாள் வேலையில் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது இயேசு அவளிடம் சொன்னது, நீ அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்பது. சமைக்கிறாய் என்று அவர் குறை சொல்லவில்லை. யோவான் 11இல் சகோதரன் லாசரு இறந்து நான்கு நாள் ஆன பிறகு, ஊருக்கு வெளியே போய் இயேசுவைச் சந்தித்து, நீரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கை செய்தவள் இந்த மார்த்தாள்தான். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடியும் விருந்து. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்தாள் என்று எழுதியிருக்கிறது. அங்கே அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே வேலை, அதே கை. கலக்கம்தான் இல்லை.

கணவன்மார்களுக்கு ஒரு இடம் காட்டுகிறேன். யோவான் 21. உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரி நெருப்பு போட்டு, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் தயாராக வைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிட்டார். அந்த அதிகாரத்தை வாசித்த பிறகு காலையில் ஒருநாளாவது நீங்கள் தோசை ஊற்றிக் கொடுக்கலாம்.

வேலைக்குப் போகிற பெண் நீதிமொழிகள் 31இல் வரும் குணசாலியான பெண்ணாக இருக்க முடியுமா?

அந்தப் பெண்ணே வேலைக்குப் போனவள்தான். வயலை விசாரித்து வாங்குகிறாள், தன் சம்பாத்தியத்தில் திராட்சத்தோட்டம் போடுகிறாள், துணி நெய்து விற்கிறாள். வீட்டில் வேலைக்காரிகளும் இருந்தார்கள் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. அதை மறந்துவிட்டு ஒற்றை ஆளாக நிற்கும் பெண்களை அவளோடு ஒப்பிடுவது சரியில்லை. 10 முதல் 31 வரை 22 வசனங்கள், எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் வரிசையாக ஒவ்வொன்று. ஒரு முழு வாழ்க்கையை அகரவரிசையில் பாடிய பாட்டு அது. ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டிய வேலைப் பட்டியலாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம் பக்கத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் படிப்போடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தில் தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவருடைய மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது அந்த வேலையையும் பெண்கள் பள்ளியையும் அங்கே கொண்டுவந்தார். ஊசியும் நூலும் சம்பளமும் இந்த மண்ணில் விசுவாசத்தோடு சேர்ந்தே வந்தன.

காணிக்கைக்கு ஒதுக்க எங்கள் வருமானத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சிய பிறகு ஒதுக்குவது எங்கள் வீட்டிலும் நடந்ததில்லை. சம்பளம் வந்த அன்றே எடுத்து வைத்தால்தான் உண்டு.

ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது பிடி அரிசி. எங்கள் அம்மா அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பவுடர்ப்பால் டப்பா வைத்திருந்தார்கள். உலைக்கு அரிசி அளந்து போட்டதும், அந்த அளந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவார்கள். டின்னிலிருந்து தனியாக எடுக்க மாட்டார்கள். "நம்ம சாப்பாட்டிலிருந்து போகணும், இருப்பிலிருந்து போகக் கூடாது" என்பார்கள். டப்பா நிறைந்ததும் சபைக்குப் போகும், அல்லது தெருவில் கஷ்டப்படுகிற வீட்டுக்குப் போகும். மிசோராமில் பெண்கள் இதே மாதிரி ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி ஒதுக்குவதை 1910 முதல் செய்துவருகிறார்கள், அங்கே சபைகள் வளர்ந்ததில் அந்த அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைக்கிற வீட்டிலும் இது நடக்கும். பிள்ளையின் கையால் எடுக்க வையுங்கள். சின்னக் கைதானே, சின்னப் பிடிதான் வரும்.

கடன் இருக்கும்போது, வட்டிக்கு வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். யாராவது அப்படிச் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இந்து. தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தார். வாங்கலாமா, கூடாதா என்று வீட்டில் சண்டை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், விக்கிரகங்களுக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசும் 8ஆம், 10ஆம் அதிகாரங்களை இரண்டு பக்கத்தாரும் எடுத்துப் பேசுவார்கள். மனச்சாட்சி இடம் கொடுக்காதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன். எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவும் நானும் 26 வருடமாகத் தட்டு மாற்றிக்கொள்கிறோம். அவர்கள் சாமிக்குப் படைத்தால் எனக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் படைப்பார்கள். நான் கேட்டதில்லை, முதல் வருடமே அவர்களாகச் செய்தது. என் மனது நோகக் கூடாது என்று யோசித்துக் கொடுத்த அதிரசத்தை நான் எப்படி வேண்டாம் என்பேன்? மேலப்பாளையத்திலிருந்து என் கணவரோடு வேலை பார்த்த நண்பர் நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிடுவார். அதுவும் அப்படித்தான்.

கிறிஸ்துமஸுக்கு நான் முந்திரிக்கொத்து செய்வேன். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்ப்பூ, ஏலக்காய் சேர்த்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி ஊற்றிப் பிசைந்து, சூடு ஆறுவதற்குள் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உருண்டை நிற்காது, அதனால் நாலு கை வேண்டும். அந்த நாலு கையில் இரண்டு எதிர்வீட்டு அக்காவுடையவை. மும்மூன்றாகச் சேர்த்து அரிசிமாவில் முக்கி எண்ணெயில் விடுவது என் வேலை. டிசம்பர் 20 வாக்கில் ஒரு மத்தியானம் முழுக்க எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பிடிப்போம். பிள்ளைகள் கல்யாணம், முழங்கால் வலி, போன வருடம் போய்ச் சேர்ந்த அவர்கள் அம்மா, எல்லாம் அந்தப் பேச்சில் வரும். என் விசுவாசத்தைப் பற்றி அவர்கள் கேட்பார்கள், நான் சொல்வேன். அவர்கள் சொல்வதையும் கேட்பேன்.

தோழியின் வீட்டில் சாவு. என்ன வசனம் சொல்வது என்று தெரியாமல் போகாமலே இருந்துவிட்டேன்.

இப்போதாவது போங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவிடம் அவனுடைய நண்பர்கள் வந்து ஏழு நாள் இராப்பகலாய் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல நண்பர்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

முதல் மூன்று நாள் சாப்பாடு தாராளமாக வந்துவிடும். பத்தாவது நாளுக்கு மேல்தான் யாரும் வர மாட்டார்கள். அன்றைக்கு ஒரு தூக்கில் ரசமும் சோறும் கொண்டுபோய், பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு வாருங்கள். "தேவசித்தம்" என்ற வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் கத்தோலிக்க வீட்டுப் பெண், கணவர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). ஜெபத்தில் வார்த்தையே வேறுபடுகிறது.

வேறுபடும். நீங்கள் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று ஆரம்பிப்பீர்கள், அவர் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்பார். முடியும் இடமும் வேறு. தீமையிலிருந்து விடுவியும் என்பதோடு நீங்கள் நிறுத்துவீர்கள். அவர் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வார். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் திங்கள், புதன், வெள்ளி ஒரு மாதிரி, மற்ற நாள் ஒரு மாதிரி. அக்டோபர் மாதம் முழுக்க அம்மாவோடு பிள்ளைகள் ஜெபமாலை சொல்கிறார்கள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு இரண்டும் மனப்பாடம். யாருடைய ஜெபத்தையும் திருத்தாமல் இருந்தால் போதும்.

கணவன் மனைவி சண்டை போட்ட இரவில் சேர்ந்து ஜெபிப்பது பொய்யாகத் தோன்றாதா?

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசியர் 4 சொல்கிறது. எல்லா நாளும் அது முடிவதில்லை. முடியாத நாளில் பாட்டு வேண்டாம், நீண்ட ஜெபமும் வேண்டாம். பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லுங்கள். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற இடத்தில் எங்கள் வீட்டில் சில இரவுகளில் குரல் தடைப்பட்டிருக்கிறது. தடைப்பட்டால் தடைப்படட்டும். அப்புறம் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் படுங்கள்.

கையோங்குகிற சண்டை என்றால் அது வேறு விஷயம். அங்கே "ஜெபித்துப் பொறுத்துக்கொள்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது.

சரி, இன்று இரவே ஆரம்பிக்க வேண்டுமென்றால் எங்கிருந்து வாசிப்பது?

மாற்கு. நான்கு சுவிசேஷங்களில் சின்னது, 16 அதிகாரம்தான், கதை நிற்காமல் ஓடும். இரவுக்கு அரை அதிகாரம் என்றால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆதியாகமத்திலிருந்து ஆரம்பித்த வீடுகள் பலவும் லேவியராகமத்தில் நின்றுவிடுகின்றன. மாற்கு முடிந்ததும் ரூத், நான்கே அதிகாரம். அதற்கப்புறம் நீதிமொழிகளை எடுங்கள், 31 அதிகாரம், தேதிக்கு ஒன்றாக வாசிக்கலாம்.

போனில் வாசிக்காமல் புத்தகத்தில் வாசியுங்கள், போனில் நடுவே ஏதாவது செய்தி வந்துகொண்டே இருக்கும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும் வேதாகமம் ஒன்று வாங்குங்கள், மாமாவுக்கும் அத்தைக்கும் கண்ணாடி இல்லாமலே தெரியும். பிள்ளைக்கு ஒன்றாவது வசனத்தைக் கொடுங்கள், அப்போதுதான் தன் முறைக்காகக் காத்திருந்து தூங்கிப்போகாது. பாய் இல்லையென்றால் பெட்ஷீட்டை மடித்து விரித்துக்கொள்ளுங்கள். சோபாவில் மட்டும் வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும், பிள்ளை யார் மடியிலாவது வந்து ஏறிக்கொள்ளும்.